சாவி யார் கையில்?

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நமது தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நமது தேச ஊழியர்களில் பெரும்பாலார் இதற்குள் மறந்திருப்பார்கள். அது பத்திரிகைகளின் வியாபாரப் பக்கத்தில் வெளிவந்தபடியால், எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கும் அவர்களுடைய வக்கீல்களுக்கும் உரிய தகராறு என்று தள்ளிவிட்டார்கள் போலும். நமது அபிப்பிராயத்தில் அந்த மாதத்தில் மேடைகளில் பேசப்பட்ட சகல பிரசங்கங்களையும் விட அந்தச் சிறு செய்தியே அதிகமாக யோசிக்கத் தக்கது.

விஷயம் இதுதான். குஜராத்தில் வாடினார் என்னும் கடற்கரையூரில் நயாரா எனர்ஜி என்ற கம்பெனி வருஷத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தக்க ஆலையொன்றை நடத்துகிறது. தேசமெங்கும் அதற்கு 6,000-க்கு மேற்பட்ட பெட்ரோல் நிலையங்கள் உண்டு. அதன் பங்குகளில் 49 சதவிகிதத்துக்குச் சற்று மேல் ருஷியாவின் ராஸ்நெஃப்ட் கம்பெனியிடம் இருக்கிறது. யுக்ரேன் யுத்தத்தை முன்னிட்டு ஐரோப்பிய யூனியன் அந்த ஜூலை 18-ந் தேதி வெளியிட்ட தடை ஜாபிதாவில் நயாராவின் பெயரும் சேர்க்கப்பட்டது. சில தினங்களுக்குள், அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனி நயாராவுக்கு அளித்துவந்த மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவும் வழியில்லை. பணம் முழுதும் செலுத்தி லைசென்ஸ் பெற்றிருந்தும் தன்னுடைய சொந்தத் தஸ்தாவேஜுகளையே தன்னால் பார்க்க முடியவில்லை என்று முறையிட்டுக்கொண்டு நயாரா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. விவகாரம் கோர்ட்டில் ஏறிய பிறகு, அந்த மாத முடிவுக்குள் சேவை திரும்பவும் அளிக்கப்பட்டது.

நயாரா நல்ல கம்பெனியா, ருஷியாவின் யுத்தம் நியாயமா என்னும் கேள்விகள் இங்கே நமக்கு வேண்டியவையல்ல. நாம் கேட்பது வேறு. தடை விதித்தது ஐரோப்பா. கதவைச் சாத்தியது அமெரிக்கக் கம்பெனி. சாத்தப்பட்ட கதவோ இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி ரிஜிஸ்தர் ஆன, இந்தியச் சட்டம் எதையும் மீறியதாக யாராலும் குற்றஞ் சாட்டப்படாத ஓர் ஸ்தாபனத்தினுடையது! நமது பார்லிமெண்டு ஒரு சட்டமும் செய்யவில்லை. நமது கோர்ட்டு ஓர் உத்தரவும் இடவில்லை. ஆயினும் ஆறாயிரம் பெட்ரோல் நிலையங்களுக்கு எஜமானான ஸ்தாபனம் ஒரே நாளில் ஊமையாயிற்று. ஹைகோர்ட்டுக்குப் போகப் பணமும் பெரிய வக்கீல்களும் இருந்தபடியால் அதற்குச் சில நாட்களில் பேச்சு வந்தது. ஒரு தாலூகா சங்கத்தின் காரியதரிசிக்கு இவ்விதம் நேர்ந்தால் அவர் எந்தக் கோர்ட்டின் படியேறுவார்?

நமது தொழில் வக்கீல் தொழிலாகையால், இந்த ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். இலவச மின்னஞ்சலுக்கோ, படங்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்கோ பெயர் கொடுக்கும்போது, திரையில் 'சம்மதிக்கிறேன்' என்ற ஒரு பித்தான் வருகிறது. நேயர்களில் எத்தனை பேர் அதற்கு மேலிருக்கும் நீண்ட ஷரத்துக்களைப் படித்திருப்பீர்கள்? நாம் படித்திருக்கிறோம், படித்துவிட்டு, மற்றெல்லோரையும் போலப் பித்தானை அமுக்கியும் இருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். அவற்றின் சாரம் ஏறக்குறைய ஒன்றே. கம்பெனியார் தமது விதிகள் மீறப்பட்டன என்று கருதினால் கணக்கை நிறுத்தலாம். விதிகளையும் தாமே மாற்றலாம். இதற்கு வாடகைச் சீட்டு என்றுகூடப் பெயரிட முடியாது. நமது 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்டு சட்டத்தில் 'அனுமதி' என்பதாக ஒன்று உண்டு. பிறர் நிலத்தில் ஒரு காரியம் செய்ய நிலத்துக்காரர் இசைவதே அது. நிலத்தில் உரிமை எதுவும் வராது. சில சந்தர்ப்பங்கள் தவிர, கொடுத்தவர் அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய சட்டமும்கூட, அனுமதி ரத்தானவன் வெளியேறவும் தன் சாமான்களை அப்புறப்படுத்தவும் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டுமென்று 63-வது பிரிவில் சொல்லுகிறது. தென்னந்தோப்பில் குடிசை போட்டுக்கொள்ள வாய்மொழியாய் இடம் பெற்றவனுக்கு உள்ள அந்த அவகாசமாவது கம்ப்யூட்டர்க் கம்பெனிகளின் குடிகளாகிய நமக்கு நிச்சயமாய் உண்டா?

இதை நாம் ஏட்டுச் சுரைக்காயாகப் பேசவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலையில் நமது காரியாலயத்தின் கணக்குத் திறக்க மறுத்துவிட்டது. சந்தாதார் ஜாபிதா, ஏஜெண்டுகளின் பாக்கி, ஜில்லா நிருபர்கள் அனுப்பிய கடிதங்கள், பதினொரு வருஷத்துப் புகைப்படங்கள் யாவும் அதற்குள் இருந்தன. கம்பெனியின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. நாம் எழுதிய முறையீடுகளுக்கு யந்திரம் பதில் எழுதிற்று. அந்தப் பதிலுக்கு நாம் எழுதினால் அதே பதில் மறுபடியும் வந்தது. மனிதர் ஒருவருடன் பேச முடியவில்லை. ஐந்தாவது நாள் கணக்குத் தானாகவே திறந்துகொண்டது. ஏன் சாத்தினார்கள் என்பதும், ஏன் திறந்தார்கள் என்பதும் இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்த ஐந்து நாட்களும் நிருபர்கள் டெலிபோனில் சொல்லச் சொல்ல நாமே கையால் எழுதிக்கொண்டோம். நமது தகப்பனார் காலத்துப் பத்திரிகைத் தொழில் எப்படி நடந்ததென்று அப்போதுதான் விளங்கிற்று!

"இலவசமாய்த்தானே கொடுக்கிறார்கள், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று சில நண்பர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இவர்களுக்குத் தூத்துக்குடியை நினைவூட்டுகிறோம். 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனியார் என்ன செய்தார்கள்? கட்டணத்தைக் குறைத்தார்கள், பின்னும் குறைத்தார்கள், கடைசியில் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள் என்று அக்காலத்தைப் பற்றி எழுதினோர் சொல்லுகிறார்கள். குடை வாங்கியவர்களுக்குக் குடை மிஞ்சிற்று. சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைந்துபோயிற்று. நம் காலத்திலும் இக்குடை விநியோகம் நடந்தது. புகைப்படங்களை எல்லையின்றி இலவசமாய் வைத்துக்கொள்ளலாம் என்று கூகிள் கம்பெனி 2015-ல் சொல்லிற்று. உலகத்தார் தங்கள் குழந்தைகளின் படங்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2021 ஜூன் 1-ந் தேதியிலிருந்து அந்த எல்லையின்மை எடுக்கப்பட்டது. 15 ஜிகாபைட்டுக்கு மேற்பட்டால் பணம் கட்ட வேண்டும். பத்து வருஷத்துப் படங்களைச் சுமந்துகொண்டு வேறிடம் போவது இலகுவா? பணம் கட்டுவதே இலகு. வியாபாரம் என்ற அளவில் இதை நாம் குற்றம் சொல்லவில்லை. அது தர்மமென்று நம்பியவர்களுக்காகவே பரிதபிக்கிறோம்.

இவ்விடத்தில் நமது கட்சியாரே பலர் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். "சுதேசிக் கம்பெனிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். ஸ்ரீதர் வேம்பு அவர்கள் முதலானோர் 1996-ல் தொடங்கி வளர்த்த ஜோஹோ கம்பெனி சென்னையினின்றும் கிளைத்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அதன் காரியாலயம் இருக்கிறது. மத்திய சர்க்கார் ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல் கணக்குகள் அந்தக் கம்பெனி செய்த அமைப்புக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளிவந்தது. தமிழ் நாட்டில் பிறந்த தொழில் உலகச் சந்தையில் போட்டியிடுவதைக் கண்டு நாம் பூரிக்கிறோம். வாஷிங்டனுடைய கோபத்துக்கும் பிரஸ்ஸெல்ஸின் ஜாபிதாவுக்கும் அஞ்சவேண்டிய அளவு இதனால் குறையும் என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றை மறைத்துப் பேசுவது பத்திரிகை தர்மமாகாது. வீட்டுக்காரர் நம்மவராய் இருந்தாலும் நாம் குடியிருப்பது அவருடைய வீட்டில்தான். அவர் நல்லவராயிருக்கலாம், நாளைக்குக் கம்பெனி கை மாறலாம், சர்க்காரின் ஒரு கடிதத்துக்கு அவர் இணங்க நேரிடலாம். அப்போது நமது பெட்டியை நமக்குத் தெரியாமல் திறப்பவர் தமிழராயிருப்பது என்ன ஆறுதல்? சுதேசியம் என்பது சரக்கு எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வியோடு முடிவதானால், மான்செஸ்டர் ஆலைக்குப் பதில் ஆமதாபாத் ஆலை என்பதோடு காந்தியடிகள் நின்றிருக்கலாம். ராட்டினத்தை வீட்டுக்கு வீடு வைக்கும்படி ஏன் சொன்னார்?

அந்த ராட்டினத்துக்கு ஒப்பானது கம்ப்யூட்டர் உலகத்தில் உண்டு. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய க்னூ இயக்கமும், ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தமது 21-வது வயதில், 1991-ல் எழுதி வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து பிறந்த அமைப்பு அது. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஆணைத்தொகுதி அதுவே. அதன் மூல எழுத்து முழுதும் யாவரும் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதை உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒருவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஸ்டால்மன் செய்த உபாயத்தை ஒரு வக்கீல் என்ற முறையில் நாம் வியக்காமலிருக்க முடியாது. பிறரைத் தடுப்பதற்கென்று ஏற்பட்ட காபிரைட் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, "இதைத் திருத்தி வெளியிடுகிறவன் தன் திருத்தத்தையும் இதே சுதந்திரத்தோடு வெளியிடக் கடவன்" என்று லைசென்ஸில் எழுதிவிட்டார். பூட்டுச் செய்கிறவனுடைய இரும்பைக் கொண்டே பூட்டைத் திறந்த காரியம் இது! இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர் வேலை என்று நினைப்போருக்கு ஒன்று சொல்லுவோம்: உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களின் ஜாபிதாவில் 2017 நவம்பர் முதல் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் லினக்ஸில் ஓடுகின்றன. நேயர்களின் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு டெலிபோனுக்குள்ளும் இருப்பது அதுவே.

இதற்குத் தக்க சமயமும் வந்திருக்கிறது. விண்டோஸ் 10 என்னும் அமைப்புக்கு மைக்ரோசாஃப்ட் தனது சாதாரண பராமரிப்பை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகக்காரருக்கு ஷரத்தின்பேரில் மேலும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரையில், பாதுகாப்புத் திருத்தங்கள் என்று அறிவித்தது. அடுத்த அமைப்பான விண்டோஸ் 11-ஐ 2017-க்கு முற்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அக்கம்பெனியின் நிபந்தனைப்படி ஏற்க இயலாது. நமது சங்கங்களிலும் வாசகசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருப்பவை பெரும்பாலும் அவ்வயதுடையவையே. நன்றாய் ஓடுகிற யந்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாய் வாங்கு என்பதற்கு நாம் ஏன் தலையசைக்க வேண்டும்? லினக்ஸ் மின்ட் என்ற பிரிவு புதியவர்களுக்கு ஏற்றது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் உள்ளதை ஒன்றும் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் பதித்துக்கொள்ளலாம். எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், கடிதத்துக்குத் தண்டர்பேர்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். பழைய விண்டோஸை அழிக்கு முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லுவதைத் தயவுசெய்து லேசாக எண்ணாதீர்கள்.

எல்லாம் இனிக்கும் என்று சொல்லி நேயர்களை ஏமாற்ற நாம் தயாரில்லை. இந்தப் பத்திரிகையின் பக்கம் கட்டும் வேலை இன்றும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஸ்கிரைபஸ் என்ற சுதந்திர மென்பொருள் நமது கம்போஸிங் பகுதியாருக்கு இன்னும் கை வரவில்லை. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கும் பழைய பக்கங்களும் ஒரு காரணம். டாலியில் கணக்கெழுதும் நமது குமாஸ்தாவும் மாறச் சம்மதிக்கவில்லை. அவருக்கு இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு, நாம் வற்புறுத்தவில்லை.

இனி இரண்டாவது படி. தஸ்தாவேஜுகளைப் பிறர் வீட்டிலிருந்து நம் வீட்டுக்குக் கொண்டுவருவது. நாம் செய்த விதத்தைச் சொல்லுகிறோம். ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டரை எடுத்து, அதில் டெபியன் என்ற லினக்ஸைப் பதித்தோம். அதன் மேல் நெக்ஸ்ட்கிளவுடு என்ற மென்பொருளைப் போட்டோம். இது கோப்புகள், நாட்குறிப்பு, விலாசப் புத்தகம் மூன்றையும் காரியாலயத்தார் எல்லாருக்கும் பொதுவாக வைத்துக் கொடுக்கும். படங்களுக்கு இம்மிச் என்று ஒன்று உண்டு; டெலிபோனில் எடுத்த படம் தானாகவே நமது யந்திரத்துக்கு வந்து சேரும். மின்சாரம் நம் ஊரில் சொல்லாமல் போகிறபடியால் ஒரு யு.பி.எஸ். அவசியம். வெளியூரிலிருந்து அணுகுவதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. பல இணையக் கம்பெனிகள் வீட்டுக்காரருக்குத் தனி விலாசம் கொடுப்பதில்லை; ஒரே விலாசத்தை அநேகருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. தெருவின் பெயர் மட்டும் இருந்து வீட்டு எண் இல்லாத நிலை இது. தபால்காரன் எப்படி வருவான்? வெளியே ஒரு சிறு கம்ப்யூட்டரை மாத வாடகைக்கு எடுத்து, அதற்கும் நமது யந்திரத்துக்கும் ஒயர்கார்டு என்னும் ரகசியக் குழாயைப் போட்டு இதைத் தீர்த்தோம். வாடகை யந்திரம் வாயிற்படியாக மட்டும் நிற்கிறது. பெட்டி நம் அறையிலேயே இருக்கிறது. வாடகைக்காரர் வாயிற்படியைப் பிடுங்கிக்கொண்டால் வேறொருவரிடம் ஒரு பிற்பகலில் போட்டுக்கொள்ளலாம்.

மின்னஞ்சலை மாத்திரம் வீட்டில் நடத்த முயலாதீர்கள். அநேக இணையக் கம்பெனிகள் கடிதம் வெளியே போகும் துறையை அடைத்து வைத்திருக்கின்றன. போனாலும், பெரிய கம்பெனிகள் முன்பின் தெரியாத சிறு யந்திரத்தின் கடிதத்தைக் குப்பையில் தள்ளுகின்றன. நாம் இரண்டு மாதம் பிடிவாதமாய் முயன்று, விளம்பரதாரர்களிடம் அகப்பட்டுக்கொண்டு விழித்தோம். இதற்கு வேறொரு வழி போதும். சொந்தப் பெயரில் ஒரு டொமைனை ரிஜிஸ்தர் செய்துகொண்டு, கடிதத்தைக் கட்டணம் வாங்கும் ஏதாவது ஒரு ஸ்தாபனத்திடம் ஒப்படைத்து, வரும் கடிதங்களுக்குத் தண்டர்பேர்டு மூலம் நம்மிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்தாபனம் மனம் மாறினால், விலாசத்தை மாற்றாமலே வேறிடம் போய்விடலாம்.

சொந்த வீட்டுக்காரனுக்குச் சொந்தக் கஷ்டமும் உண்டென்பதை மறைக்கலாகாது. நமது யந்திரத்தைத் துவக்கிய முதல் வருஷத்தில் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் கரகரவென்று சப்தமிட்டு நின்றுவிட்டது. பிரதி எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எடுக்கும் ஏற்பாடு இரண்டு மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதத்து ஏஜெண்டுக் கணக்குகள் போயின. எந்த அந்நியக் கம்பெனியின் மேலும் பழி போட முடியவில்லை. தவறு முழுதும் நம்முடையது. அன்றுமுதல், மூன்று பிரதிகள்: ஒன்று யந்திரத்தில், ஒன்று அருகில் வேறு டிஸ்க்கில், மற்றொன்று வேறு ஊரில் ஒரு நண்பர் வீட்டில், பூட்டிய வடிவத்தில். மாதத்துக்கு ஒரு முறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். எடுத்துப் பார்க்காத பிரதியைப் பிரதியென்று நம்பக் கூடாது. மென்பொருள்களை வாரந்தோறும் புதுப்பிப்பதும் கட்டாயம்; புதுப்பிக்காத யந்திரத்தை இணையத்தில் திறந்து வைப்பது, வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதே.

பெரிய ஸ்தாபனங்களில் இது நடவாது என்று சொல்லுவோர் மூனிச் நகரத்தைக் காட்டுவார்கள். அந்த ஜெர்மானிய நகரசபை 2013-ஆம் வருஷ முடிவுக்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிற்று. 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. மெய்தான். ஆனால் அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாண சர்க்கார், 40,000-க்கு மேற்பட்ட கடிதப் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து சுதந்திர மென்பொருளுக்கு மாற்றி முடித்ததாக 2025 அக்டோபரில் அறிவித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நமது பக்கத்துக் கேரளத்தில் 2001-ல் தொடங்கிய பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்த் திட்டம் பின்னர் லினக்ஸுக்கே மாறி, லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் படித்து வெளிவந்திருக்கிறார்கள். பாஸ் என்ற இந்திய லினக்ஸையோ, சி-டாக் ஸ்தாபனத்தார் நமது சென்னையிலேயே செய்து 2007-ல் வெளியிட்டார்கள். நம்மவரில் எத்தனை பேருக்கு அதன் பெயராவது தெரியும்?

முக்கியமாய் நமது தேச ஊழியர்களை நோக்கி ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்து அங்கத்தினர் ஜாபிதா, நன்கொடை கொடுத்தோர் பெயர்கள், காரியக் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்புகள், யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார் என்ற விவரம் முதலியவற்றை இன்று எங்கே வைத்திருக்கிறீர்கள்? அந்நியர் கொடுத்த இலவசத் தாளில். அந்நாட்டில் 2018-ல் இயற்றப்பட்ட கிளவுடு சட்டத்தின்படி, அமெரிக்கக் கம்பெனி தன் வசமுள்ளதை, அது எந்தத் தேசத்தில் வைக்கப்பட்டிருந்தாலும், அந்நாட்டு அதிகாரிகள் முறைப்படி கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டது. பிரெஞ்சு ஜனங்களின் தஸ்தாவேஜுகள் ஒருபோதும் பிரெஞ்சு சர்க்காரின் சம்மதமின்றி அமெரிக்காவுக்குப் போகாதென்று உத்தரவாதம் தர முடியுமா என்று 2025 ஜூனில் பிரான்ஸின் செனட் சபைக் கமிட்டி கேட்டபோது, மைக்ரோசாஃப்டின் அந்நாட்டு அதிகாரி, பிரமாணத்தின் பேரில், முடியாதென்றே சொன்னார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறோம்.

நமது யந்திரத்தில் வைத்தால் நமது சர்க்கார் கேட்க மாட்டாதா என்பீர்கள். கேட்கலாம். 2023-ஆம் வருஷத்து நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 94-வது பிரிவுப்படி தஸ்தாவேஜையும் கம்ப்யூட்டரையும் ஆஜர்படுத்தச் சொல்ல அதிகாரம் உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவை மீறும்படி நாம் ஒருவருக்கும் யோசனை சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டீஸ் நம் பெயருக்கு, நம் வாசலுக்கு வரும். நாம் படிக்கலாம், வக்கீலிடம் காட்டலாம், தகாததாயிருந்தால் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம். பிறர் வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்தால், திறந்த செய்தியாவது நமக்கு வருமா?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டவர்கள் ஒரே வாரத்தில் திரும்பிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். முதல் மாதம், இப்போது இருக்குமிடத்திலிருந்து எல்லாவற்றையும் கீழே இறக்கி ஒரு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கூகிள் முதலியோர் அதற்கு வசதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது மாதம், ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ். அங்கத்தினர் ஜாபிதாவை அதற்குக் கொண்டுவருவது மூன்றாவது. தனியாய்ச் செய்ய வேண்டியதுமில்லை. சென்னையில் 1998-ல் தோன்றிய இந்திய லினக்ஸ் பயனர் குழுவும், தமிழிலேயே இவ்விஷயங்களை 2012 முதல் எழுதிவந்திருக்கும் கணியம் நண்பர்களும் கேட்டவருக்குச் சம்பளமின்றிச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

நமது காரியாலயத்தில் நாம் பின்பற்றிய முறையை, செய்த தவறுகள் உள்பட, நமது உதவியாசிரியர் எட்டுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். வேண்டுவோர் சங்கத்தின் பெயரும் ஊரும் குறிப்பிட்டு எழுதினால் அனுப்பி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நேரில் வருவோருக்கு யந்திரத்தையே காட்டுகிறோம். பென் டிரைவ் ஒன்று கையில் கொண்டுவந்தால் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தனுப்புவோம்.